மஃரிப் நேரத்து வெடி

அன்னப்பிள்ளை பெரிய வீதியால் வரவில்லை. எல்லை வீதியின் இரண்டு முனையிலும் தார்ப் பீப்பாக்களை உருட்டிவிட்டு பள்ளிவாசல் பக்கத்து இளந்தாரிகள் காவல் நின்றார்கள். கோயில் பக்கத்துக் குடும்பங்கள் சந்தைக்கும் வரமுடியாமல், கிணற்றடிக்கும் பயந்து பயந்து போய்க்கொண்டு உள்ளே அடைபட்டுக் கிடந்தன. அவள் கோயிலுக்குப் பின்னாலிருந்த வயலில் இறங்கி, வாய்க்கால் வரம்பால் நடந்து, வெகுதூரம் தெற்கே போய் வீதியைக் கடந்து, கடற்கரை மணலால் திரும்பி வந்திருந்தாள். மீராசா முதலியாரின் வாசலில் நின்றபோது அவள் சேலைக் கரையில் வயற்சேறும் கடல்மணலும் ஒன்றாக ஒட்டியிருந்தன.

மீராசா முதலியார் கல்முனைக் கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; முதலியார் என்பது அந்த உத்தியோகத்தோடு வந்த பட்டம். சாட்சிக் கூட்டில் நின்றவர்கள் தமிழில் சொன்னதையெல்லாம் நீதவானுக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனிதர். எந்தச் சொல் மனிதனின் வாயில் தானாக வருகிறது, எந்தச் சொல்லை அவன் வீட்டிலிருந்து பாடமாக்கிக்கொண்டு வருகிறான் என்பது அவருக்குத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். மாடு காணாமற் போனாலும் வயலில் நெற்சூடு எரிந்தாலும் இரண்டு பக்கத்தாரும் அவரிடம்தான் வருவார்கள்.

அன்று காலையில் அவருக்குப் பக்கத்தில் ஜெமீல் இருந்தான். கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர். இருபத்தேழு வயது. முதலியார் எங்கே விசாரிக்கப் போனாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவான். இந்த முறை அவனுக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலையில் கை சிதறி ஆஸ்பத்திரியில் கிடக்கும் நூஹு, அவனுடைய மூத்த சகோதரி, ராத்தா கமீலாவின் புருசன்.

"உள்ளுக்கு வாங்க புள்ள," என்றார் முதலியார். "இரிங்க." உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஆயிஷா, தண்ணி கொண்டா."

அன்னப்பிள்ளை உட்காரவில்லை. ஜெமீலைக் கண்டதும் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்துக்கொண்டாள்.

"ஐயா, எங்கட இவரைப் பொலிசு கொண்டு போய் மறியல்ல வெச்சிரிக்கு. கோயில் வெடி கொளுத்துறது அவர்தான், அதால அவர்தான் எறிஞ்சாரெண்டு சொல்லுறாங்க. வாங்கு சொன்னாப் பொறகு எங்கட கோயில்ல வெடி போடுறல்ல ஐயா. தொழுகை முடிஞ்சு ஆக்கள் வெளிய வாறதைப் பார்த்துப்போட்டுத்தான் திரும்பத் திரி வெக்கிறது. எத்தனை வருசமா இப்பிடி நடக்குது. அண்டைக்கும் வாங்குச் சத்தம் கேட்டதும் கை கழுவிப்போட்டு வந்து தேத்தண்ணி குடிச்சாரு. நான்தான் ஊத்திக் குடுத்தன்."

"உங்கட வெடி என்ன வெடி?"

"ஓலை வெடி ஐயா. நானும் அவரும்தான் மருந்து வெச்சுச் சுத்துற. கடை வெடி வாங்குற வழக்கம் எங்கட கோயில்ல இல்ல. திருவிழாச் சடங்குக்குக் கையால செஞ்சதுதான் போடணும்."

ஜெமீலால் பொறுக்க முடியவில்லை. "அப்ப அந்த நேரம் கேட்ட வெடி என்ன? ஊரே கேட்டது. நான் பள்ளியில சஃப்பு வரிசையில நிக்கன், தொழுகையில முதல் ரக்அத்து, முதுகில கல்லால அடிச்சாப்போல இரிந்திச்சு. ரெண்டு பேர் தொழுகையை விட்டிட்டு ஓடப் பார்த்தாங்க. வெளிய வந்து சந்தியில நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கக்குள்ளதான் ஜவுபர் முதலாளி கத்திக்கொண்டு ஓடி வந்தாரு, நூஹுட கை போயிட்டு எண்டு."

முதலியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறவர்போல இருந்துவிட்டு, பிறகு கேட்காமல் விட்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு கூட்டமாம் ஐயா," என்றாள் அன்னப்பிள்ளை. "அதுக்குப் பொறகு எங்கட தெருவுக்குள்ள வருவாங்களாம். எங்கட பொடியன்மாரும் கோயிலுக்குள்ள கல்லுக் குவிச்சு வெச்சிரிக்கானுகள். அவனுகளுக்குச் சொன்னாலும் கேக்கானுகள் இல்ல. எங்களுக்கு அங்காலயும் போகேலா, இங்காலயும் வரேலா."

முதலியார் எழுந்து சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். "வந்த வழியால போகாதீங்க. வெயில் ஏறியிட்டு. ஆயிஷாவோட இரிங்க. நாங்க வாறம்."

வெளியே வந்ததும் ஜெமீல் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதவுறையை எடுத்து நீட்டினான். உள்ளே சிவப்புக் கடதாசித் துண்டுகள். "ராத்தாட வீட்டு வளவுல பொறுக்கினது. நூஹு மச்சான் விழுந்து கிடந்த இடத்தில. வெடிக் கடதாசி. இதைவிட என்ன சாட்சி வேணும் முதலியார்?"

முதலியார் ஒரு துண்டை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு உறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"ஆர் முதல்ல கண்டது?"

"ஜவுபர் முதலாளிதான் காட்டினாரு."

ஜவுபர் தோணிகளுக்குச் சொந்தக்காரர். மீன் ஏற்ற ஒரு வானும் வைத்திருந்தார். நூஹு அவருடைய தோணியில்தான் தொழில் செய்தான். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அந்த வான்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து சந்தியில் நின்று, இனி இந்த ஊருக்குப் பக்கத்தில் கோயில் வெடி என்ற பேச்சே இருக்கக்கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் நூஹு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் கிடந்தான். இடது கை முழங்கை வரை துணிச் சுற்றில் இருந்தது. மூன்று விரல்கள் போய்விட்டன, உள்ளங்கையும் பாதி இல்லை என்று ஜெமீலுக்கு டொக்டர் சொல்லியிருந்தார். ஜெமீல் போத்தலிலிருந்து தேநீரை ஊற்றிக் கொடுத்தான். நூஹு வலது கையால் வாங்கிக் குடித்தான். அந்தக் கையில் ஒரு கீறலும் இல்லை.

"நடந்ததைச் சொல்லு மனே," என்றார் முதலியார்.

நூஹு கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வளவுல கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிரிந்தன். பரீனா பக்கத்தில விளையாடிக்கொண்டிரிந்தா. வேலிக்கு அங்கால இரிந்து வந்து விழுந்திச்சு. புகைஞ்சுகொண்டிரிந்திச்சு. புள்ளைக்குப் பக்கத்தில. எடுத்து எறிவம் எண்டு தூக்கினன். திரியக் கட்டையா வெட்டிட்டானுகள் முதலியார். எறிய முன்னம் வெடிச்சிட்டு."

"கட்டையா வெட்டிட்டானுகள்," என்று முதலியார் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பழைய வழக்கப்படி அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஆங்கிலத்தில் ஒருமுறை உருட்டிப் பார்ப்பதை ஜெமீல் கண்டான். பிறகு நூஹுவின் காலைத் தட்டிக்கொடுத்து, "படுத்து எழும்பு. அல்லாஹ் போதுமானவன்," என்றார்.

நூஹு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டும்போது, "மச்சான்," என்று கூப்பிட்டான். ஜெமீல் திரும்பினான். "சிவக்கொழுந்துக்கு அடிச்சாங்களாமா?"

"அடிக்கல்ல. மறியல்ல இரிக்கான்."

நூஹு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்னப்பிள்ளையின் புருசனைப் பற்றி, தன் கையைச் சிதறடித்தவனைப் பற்றி, இவன் ஏன் கவலைப்படுகிறான் என்று ஜெமீல் நினைத்தான். நல்ல மனசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கமீலாவின் வீடு எல்லை வீதியில், கோயில் வேலியோடு முதுகு ஒட்டி நின்றது. பீப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஜெமீலைக் கண்டதும் வழிவிட்டார்கள். முதலியாரைக் கண்டதும் ஒருவன் கையிலிருந்த கம்பைப் பின்னால் மறைத்தான்.

கமீலா கதவடியில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. குழந்தை பரீனா நிலத்தில் உட்கார்ந்து சிரட்டையால் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். முதலியார் வளவைச் சுற்றி நடந்தார். வலை கயிற்றில் தொங்கியது. அதில் கருகிய கண் ஒன்றும் இல்லை. வேலியோரத்தில் பழைய பெட்டி ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இது எப்ப இரிந்து அடை?"

"போன கிழமை இரிந்து," என்றாள் கமீலா.

"இடையில எழும்பல்லயா?"

"இல்ல."

முதலியார் குந்தியிருந்து குழந்தையின் தலைக்குப் பின்னால் திடீரென்று இரண்டு கைகளையும் தட்டினார். பரீனா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் கை தட்டினாள்.

"காது நல்லாக் கேக்குது," என்றார் முதலியார். "புள்ள, வெடிச்ச உடனே நீங்க கத்தியிரிப்பீங்க."

கமீலாவின் கை கதவுநிலையைப் பிடித்தது. "ஓம்."

"பள்ளி இங்கிருந்து கூப்பிடு தூரம். தொழுகையில நிண்ட ஒருத்தருக்கும் நீங்க கத்தினது கேக்கல்லயே."

அவள் உள்ளே போய்விட்டாள். ஜெமீல் முதலியாருக்கு முன்னால் வந்து நின்றான். "முதலியார், ராத்தா பொய் சொல்லுறா எண்டா சொல்லுறீங்க?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. கேட்டன்."

முதலியாரின் வீட்டுக்குத் திரும்பியபோது ஆயிஷா உம்மா அன்னப்பிள்ளைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். சோற்றுக்கு ஊற்ற மீன் ஆணம் கொஞ்சம்தான் இருந்தது. "மன்னிச்சுக்கோங்க. செவ்வாய்க்கிழமை காலையில ஜவுபர்ட வான்ல வந்த மீன், சூடாக்கி வெச்சது. கோயில் சடங்கு தொடங்கினாப் பொறகு வாங்குறதெல்லாம் இப்பிடித்தான். சட்டியில போட்டதும் தசை கரைஞ்சு போகுது. வெட்டக்குள்ளயே நடுமுள்ளு ஒடிஞ்சு கிடக்கு, வயித்துக்குள்ள ரெத்தம் கட்டியிரிக்கி." முதலியார் தட்டிலிருந்த மீனின் முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 

மாலையில் மஃரிப் தொழ ஜெமீல் பள்ளிக்குப் போனான். பள்ளி கடற்கரையோரம் நின்றது. மேற்கே கிப்லா, தொழும் திசை. அந்தப் பக்கம் பெரிய வீதி, அதற்கு அப்பால் எல்லை வீதி, அதற்கும் அப்பால் கோயில். கிழக்கே, தொழுபவர்களின் முதுகுக்குப் பின்னால், மணலும் கடலும். பிறந்ததிலிருந்து தெரிந்த ஊர்தான். யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

அவன் சஃப்பில் நின்றான். இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். கோயில் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கே மணி கூட அடிக்கவில்லை. ஜெமீல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபோது, அன்று அதே இடத்தில் நின்றது உடம்புக்கு ஞாபகம் வந்தது. முதுகில் கல்லால் அடித்தாற்போல. முகத்தில் அல்ல. முதுகில்.

இமாம் ஓதிய சூரா காதில் விழவில்லை.  கோயில் முன்னால் இருக்கிறது. ராத்தாவின் வளவும் முன்னால்தான் இருக்கிறது. பின்னால் கடலைத் தவிர ஒன்றுமில்லை. காலையில் அவன் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். முதலியார் நிமிர்ந்து பார்த்தது அதற்காகத்தான். தொழுகையை விட்டு வெளியே போகவும் முடியாது. நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் தோளோடு தோள் உரசி நின்ற மனிதர்களுக்கிடையில் அவனும் கைகளைக் கட்டியபடி நின்றான்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் நேராக ராத்தாவிடம் போனான். கமீலா அடுப்படியில் இருந்தாள். அவன் கேட்கவில்லை, பக்கத்தில் குந்தினான். அவளாகவே சொன்னாள்.

"மீன் கூட்டம் ஒண்டு கரைக்குக் கிட்டவா வந்திச்சாம். இவர் டைனமைட்டைப் பத்த வெச்சுக் கையில வெச்சிரிந்திரிக்காரு. வான்ல கொண்டு வந்து வளவுக்குள்ள இறக்கினாங்க. ஜவுபர் முதலாளி சொன்னாரு, உண்மை வெளிய போனா நூஹு மறியலுக்குப் போவான், கோயில் வெடி எண்டு சொன்னா ஊரே உங்களைப் பார்க்கும் எண்டு. நான் என்ன செய்ற? ரெத்தம் ஓடுது. ஓமெண்டன்." அவள் விறகைத் தள்ளினாள். "கை போன மனிசனை மறியலுக்கு அனுப்பப் போறியா நீ?"

"அங்கால ஒருத்தன் ஒண்டும் செய்யாம மறியல்ல இரிக்கான் ராத்தா."

"தெரியும். அவன்ட பொஞ்சாதி என்னோட நெல்லுக் குத்தினவ. தெரியாமலா இரிக்கி." அவள் இன்னொரு விறகைச் செருகினாள். "நீ முதலியார்க்கிட்டச் சொல்லாத. அவராக் கண்டுபிடிச்சா அது அல்லாஹ்ட நாட்டம். நீ சொன்னாய் எண்டு மட்டும் எனக்குக் கேக்கவேணாம்."

ஜெமீல் முதலியார் வீட்டுக்குப் போகவில்லை. அவர் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அவர் வீட்டில் அன்னப்பிள்ளை இருந்தாள், அவள் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். தன் வீட்டுக்குப் போனால் உம்மா, ஜும்ஆவுக்குப் பிறகு நீயும் முன்னுக்கு நிக்கணும் என்பாள். கடையைத் திறந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சீனி மூட்டைகளுக்கிடையில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை முதலியார் அவனுக்குச் சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை மஃரிப் தொழுத எல்லோரையும் ஜும்ஆவுக்கு முன்பே பள்ளி முற்றத்துக்கு வரச் சொல்லி, பள்ளித் தலைவர் அப்துல் ஹமீட் மரைக்கார் ஆளனுப்பியிருந்தார். ஜெமீல் போனபோது முற்றம் நிறைந்திருந்தது. ஜவுபர் வெள்ளைச் சட்டையோடு முன்னால் நின்றார். அவருடைய தோணிக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். வெளியே வீதியில் கம்புகளோடு இளந்தாரிகள்.

"முதலியார், நேரம் போகுது," என்றார் ஜவுபர். "என்ன விசாரணை இது? வெடி எறிஞ்சவன் மறியல்ல இரிக்கான். வெடிக் கடதாசி உங்கட கையில இரிக்கி."

முதலியார் உறையைத் திறந்து மரைக்காரின் கையில் துண்டுகளைக் கொட்டினார். "மரைக்கார், இது சீனவெடிக் கடதாசி. சின்னப் புள்ளைகள் கையில வெச்சு விளையாடுறது. இதால விரல் போகாது. கோயில்ல போடுறது ஓலை வெடி. இந்தக் கடதாசியை அந்த வளவுல போட்டவருக்கு அந்த வித்தியாசம் தெரியல்ல. வெடி எண்டாச் சிவப்புக் கடதாசி எண்டு நினைச்சிட்டாரு."

முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"நூஹு வலது கைக்காரன். புகைஞ்சுகொண்டு கிடக்கிறதை எடுத்து எறியிறவன் வலது கையாலதான் எடுப்பான். போனது இடது கை. ஆர் ஒரு பொருளை இடது கையில பிடிப்பான்? வலது கையால அதுக்கு நெருப்பு வெக்கிறவன். அதோட அவன் எனக்கு ஒரு சொல்லுச் சொன்னான். திரியக் கட்டையா வெட்டிட்டானுகள் எண்டான். ஓலை வெடிக்குத் திரி பஞ்சில முறுக்கி உள்ளுக்குச் சொருகுறது. அதை ஒருத்தரும் வெட்டுறல்ல. வேலிக்கு மேலால எரிஞ்சுகொண்டு வந்து விழுந்ததில திரி வெட்டினதா முறுக்கினதா எண்டு எப்பிடித் தெரியும்? வெட்டுற திரி வேற. சுருளா வாங்கி, கத்தியால அளந்து வெட்டுறது. கட்டையா வெட்டினாத்தான் தண்ணிக்குள்ள ஆழமாப் போக முன்னம் வெடிக்கும்."

தோணிக்காரர்களில் ஒருவன் சுவரை விட்டு நகர்ந்தான்.

"இந்தக் கிழமை ஜவுபர்ட வான்ல வந்த மீனை வாங்கின வீட்டுப் பொம்புளைகளைக் கேளுங்க. நடுமுள்ளு ஒடிஞ்ச மீன், வெடி போட்டுப் பிடிச்ச மீன். கோயில்ல வெடி போடுற நேரம் கடல்ல ஒரு வெடி கூட வெடிச்சா ஆருக்குத் தெரியும்? சடங்கு நாளெல்லாம் கோயில் வெடியை நாங்க பொறுத்துக்கொண்டிரிந்தம். அந்தச் சத்தத்துக்குள்ள ஒளிச்சு ஒருத்தர் தொழில் பார்த்தாரு. ஆனா செவ்வாய்க்கிழமை, கையில பத்த வெச்ச நேரம், கோயில் சும்மா இரிந்திச்சு. எங்கட தொழுகைக்காக. அதாலதான் அந்த ஒரு வெடி ஊருக்கே கேட்டிச்சு."

"இதெல்லாம் குத்துமதிப்பு," என்றார் ஜவுபர். குரல் உயரவில்லை. "நான் தொழுதுட்டு வாற வழியிலதான் அந்தக் கத்தல் கேட்டு ஓடினன். கோயில் பக்கம்தான் வெடிச்சது. இஞ்ச நிக்கிற எல்லாரும் கேட்டவங்க."

"அதைத்தான் கேக்கப் போறன்," என்றார் முதலியார். "அண்டைக்கு நிண்ட மாதிரியே சஃப்புல நில்லுங்க. ஆருக்குப் பக்கத்தில நிண்டீங்களோ அவருக்குப் பக்கத்தில."

சிறிது தயங்கி, பிறகு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஜெமீலும் தன் இடத்தில் நின்றான். மேற்கே பார்த்து வரிசை நேரானது. ஜவுபர் அங்குமிங்கும் பார்த்தார். அவருக்கு இடம் விட்டு ஒருவரும் விலகவில்லை. எல்லாத் தோள்களும் ஒட்டியிருந்தன.

"அவர் ஆருக்குப் பக்கத்தில நிண்டாரு?" என்று மரைக்கார் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்கள்.

"இனி, வெடிச் சத்தம் வந்த பக்கத்துக்குக் கையை நீட்டுங்க," என்றார் முதலியார்.

ஒரு கையும் அசையவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இவ்வளவு நாளும் அவர்கள் காதால் கேட்டது ஒன்று, சந்தியில் கத்தியவர் சொன்னது இன்னொன்று. பின்னதை நம்பிக்கொண்டுதான் பீப்பா உருட்டினார்கள். இப்போது கையை நீட்டினால் ஜவுபரின் தோணியில் பிழைக்கும் அத்தனை வீட்டுக்கும் எதிராக நீட்ட வேண்டும். ஜெமீலின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலியார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கூடச் சுலபமாக இருந்திருக்கும் என்று ஜெமீலுக்குத் தோன்றியது. அவன் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றான். சுவருக்கு அப்பால், வீதிக்கு அப்பால், ராத்தாவின் கூரை தெரிந்தது.

அவன் வலது கை எழுந்தது. தோளுக்கு மேலால் பின்னுக்கு மடங்கி, கடலைக் காட்டியது.

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அவனைப் பார்த்தார். பிறகு தன் கையையும் பின்னால் நீட்டினார். அதன் பிறகு வரிசை முழுக்கக் கைகள் எழுந்தன. அத்தனை பேரும் முதுகுக்குப் பின்னால் கடலைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஜவுபர் வாசற் பக்கம் நடந்தார். அங்கே நின்ற இளந்தாரிகள் வழிவிடவில்லை.

மரைக்கார் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். நூஹு மறுக்கவில்லை. மரைக்கார் கட்டிலடியில் உட்காருமுன்பே பேசத் தொடங்கிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். வெளியே ஏதாவது சத்தம் கேட்கும்போதெல்லாம் தன் பொய்க்காக யாரையோ கொல்கிறார்கள் என்று பயந்து பயந்து கிடந்தானாம். ஜவுபரின் தோணிகள் நிற்கும் வாடிக் கொட்டிலில் திரிச் சுருளும் வெடிமருந்தும் பொலிசுக்குக் கிடைத்தன. ஜவுபரைக் கொண்டு போனார்கள். நூஹுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் கதிரை போட்டு உட்கார்ந்தான். ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை. பீப்பாக்களை உருட்டியவர்களே அவற்றைத் திரும்ப உருட்டிக்கொண்டு போனார்கள்.

சிவக்கொழுந்து மறியலிலிருந்து வந்தபோது அன்னப்பிள்ளை பெரிய வீதியாலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஜெமீல் கடை வாசலில் நின்று பார்த்தான். சிவக்கொழுந்து நின்று, தலையை அசைத்துவிட்டு நடந்தான்.

"உனக்கு அந்தப் பாரத்தைத் தந்தது நான்தான்," என்றார் முதலியார் அன்று மாலை. "மத்தவங்களைத் தனித்தனியா முதல்லயே கேட்டிரிக்கலாம். ஆனா ஒருத்தன் தொடங்கினாத்தான் மத்தவன் நீட்டுவான். தொடங்குறவன் அந்த வீட்டாளா இரிந்தா எவனும் மறுத்துக் கதைக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். கோபம் எண்டாக் கோபப்படு."

ஜெமீல் கோபப்படவில்லை. அவரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தான்.

ராத்தாவின் வீட்டுக்குப் போகும்போது மஃரிப் முடிந்திருந்தது. கோயிலில் திரும்ப வெடி தொடங்கியது. வழியில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கமீலா வாசலில் நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் லேசாக அதிர்ந்தது.

"அவ்வளவு பேர் நிண்டாங்களாம்," என்றாள். "எப்பிடியும் ஆராவது நீட்டியிரிப்பாங்க. நீ ஏன்டா முதல்ல நீட்டினாய்?"

ஜெமீல் கோயில் பக்கம் பார்த்தான்.   வேலிக்கு அப்பால் வெடிகள் தொடர்ந்து கேட்டன. பேச முடியாத அளவுக்குச் சத்தம். அது அடங்கும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"நாளைக்கு அவருக்குக் கஞ்சி கொண்டு போகணும்," என்றாள் கமீலா. "பொலிசுக்காரன் பக்கத்தில இரிக்கான். எனக்குத் தனியப் போகப் பயமா இரிக்கி. நீ வருவியா?"

"ஓம் ராத்தா," என்றான் ஜெமீல்.